கடம்பி மீனாட்சி படித்த காஞ்சி

பட்டெடுக்கக் காஞ்சிபுரம் செல்வோரில் மிகச் சிலரே வைகுந்தப் பெருமாள் கோயிலை எட்டிப் பார்க்கிறார்கள். பார்ப்பவர்களிலும் பலர் பெருமாளைச் சேவித்துவிட்டு அப்படியே திரும்பிவிடுகிறார்கள். திருமங்கையாழ்வார் பாடிய பரமேச்சுர விண்ணகரம் இதுதான். இதன் திருச்சுற்று மாளிகைச் சுவர்களில் இரண்டு வரிசைகளாக ஓடும் மணற்கல் சிற்பங்கள், பிரமனில் தொடங்கி இரண்டாம் நந்திவர்மன் வரை பல்லவர் வரலாற்றைச் சொல்கின்றன. ஓர் அரச குலம் தன் வரலாற்றைச் சுவரில் இப்படி வரிசையாகச் செதுக்கி வைத்தது தமிழகத்தில் அரிது. அந்தச் சுவரை முறையாகப் 'படித்து' முடித்தவர் ஒரு பெண். அவரை நாம் ஏறக்குறைய மறந்துவிட்டோம்.

கடம்பி மீனாட்சி 1905இல் பிறந்தார். 1936இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். அப்பல்கலைக்கழகத்தில் அப்பட்டம் பெற்ற முதல் பெண் அவரே. பல்லவர் கால ஆட்சிமுறையும் சமூக வாழ்வும் குறித்த அவரது ஆய்வு 1938இல் நூலாயிற்று. 1940இல், முப்பத்தைந்து வயது நிறையுமுன் காலமானார். வைகுந்தப் பெருமாள் கோயில் சிற்பங்களைப் பற்றி அவர் எழுதியதை இந்தியத் தொல்லியல் துறை 1941இல் தன் நினைவேடுகளின் வரிசையில் 63ஆம் எண்ணாக வெளியிட்டது. அச்சான அந்நூலைப் பார்க்க அவர் இல்லை.

அவர் ஆராய்ச்சி மாணவியாக இருந்த ஆண்டுகளில் பல்கலைக்கழக நூலகத்தின் நூலகர் எஸ்.ஆர். ரங்கநாதன். நூலகவியலின் ஐந்து விதிகளை அவர் 1931இலும், கோலன் பகுப்புமுறையை 1933இலும் வெளியிட்டார். 1936இல்தான் அந்நூலகம் கன்னிமாராவிலிருந்து சேப்பாக்கத்துச் சொந்தக் கட்டடத்துக்கு இடம் மாறியது. வாசகரின் நேரத்தைக் காப்பாற்று என்பது ரங்கநாதனின் நான்காம் விதி. பல்லவர்களைத் தேடுகிறவருக்கு அந்த விதி எவ்வளவு தேவை என்பதை அந்தத் தொகுதிகளைப் புரட்டியவர்கள் அறிவார்கள். ஒரே அரசனைப் பற்றிய செய்திகள் தென்னிந்தியக் கல்வெட்டுகள் தொகுதிகளிலும் எபிகிராஃபியா இண்டிகாவிலும் சிதறிக் கிடக்கும். ஒன்றின் அடிக்குறிப்பு இன்னொன்றுக்கு அனுப்பும். அது மூன்றாவதற்கு அனுப்பும்.

அந்தத் தேடல் ஏன் கட்டாயமாகிறது என்பதற்கு இரண்டாம் நந்திவர்மனே நல்ல சான்று. அவனது 21ஆம் ஆட்சியாண்டின் உதயேந்திரம் செப்பேடு அவனை முந்தைய அரசன் பரமேசுவரவர்மனின் மகன் என்கிறது. அடுத்த ஆண்டில் எழுந்த காசாக்குடிச் செப்பேடோ, அவன் சிம்மவிஷ்ணுவின் தம்பி பீமவர்மனின் கிளையில் வந்த இரணியவர்மனின் மகன், குடிகளால் தேர்ந்தெடுக்கப்பட்டவன் என்கிறது. ஒரே ஆண்டு இடைவெளியில் இரண்டு தந்தையர்! உதயேந்திரச் செப்பேட்டில் இப்போதுள்ள எழுத்து பிற்காலத்தது என்று பதிப்பித்தவர்கள் குறித்திருக்கிறார்கள். ஒரே தொகுதியோடு நின்றுவிடும் மாணவர், எந்தப் பக்கம் விரிந்ததோ அதையே வரலாறாக எழுதிவிடுவார்.

மூன்றாவது சாட்சி காஞ்சிச் சுவர். சிற்பங்களுக்குக் கீழே தமிழில், இடையிடையே கிரந்த எழுத்துகளோடு, விளக்கக் குறிப்புகள் பொறிக்கப்பட்டுள்ளன. பரமேசுவரவர்மன் இறந்தபின் காஞ்சியிலிருந்து சிலர் இரணியவர்மனைத் தேடிச் செல்கிறார்கள். அவன் தன் மக்களைக் கேட்கிறான். மூத்தவர் மூவரும் மறுக்கிறார்கள். பன்னிரண்டே வயதான இளையவன் பல்லவமல்லன் போகிறேன் என்கிறான். தந்தை தயங்குகிறான், பிறகு அனுப்பிவைக்கிறான். மலையும் ஆறும் காடும் கடந்து வந்த சிறுவன் காஞ்சியில் நந்திவர்மனாக முடிசூடுகிறான். இரணியவர்மனைத் தேடிச் சென்றவர்களில் கடிகையார் என்றொரு குழு இருந்ததாகக் குறிப்பு சொல்கிறது.

கடிகை என்பது காஞ்சியின் உயர்கல்விக் கழகம். கடம்ப மரபைத் தோற்றுவித்த மயூரசர்மன் தன் குரு வீரசர்மனோடு அங்கே படிக்க வந்ததையும், பல்லவக் குதிரை வீரன் ஒருவனோடு நேர்ந்த சச்சரவால் ஏட்டை விட்டு வாளை எடுத்ததையும் கர்நாடகத்துத் தாளகுண்டா தூண் கல்வெட்டு கூறுகிறது. இராஜசிம்மன் கடிகையை மீண்டும் நிலைநிறுத்தினான் என்பது வேலூர்ப்பாளையம் செப்பேட்டுச் செய்தி. காஞ்சியைக் கைப்பற்றிய சாளுக்கியன் இரண்டாம் விக்கிரமாதித்தன் கயிலாசநாதர் கோயிலில் வெட்டிய கன்னடக் கல்வெட்டில், தன் அறத்தை அழிப்போருக்குரிய பாவத்தைச் சொல்லும்போது கடிகை மகாசனங்களைக் கொன்ற பாவத்தையே அளவாக வைக்கிறான். கர்நாடகத்துத் தூண், செப்பேடு, பகைவனின் கல்வெட்டு, பெருமாள் கோயில் சுவர் என நான்கையும் ஒரு மேசையில் வைத்தால்தான் கடிகை என்ற சொல்லுக்கு உருவம் கிடைக்கிறது. மாணாக்கர் வந்து சேர்ந்த அந்தக் கழகம் அரசனைத் தேடும் பொறுப்பிலும் பங்கு கொண்டிருக்கிறது. ஆட்சிமுறையையும் சமூக வாழ்வையும் சேர்த்து ஒரே நூலாக மீனாட்சி எழுதியதன் பொருத்தம் இங்கே விளங்கும்.

சுவரை அவர் படித்ததும் இதே முறையில்தான். அலெக்சாந்தர் ரீ 1909இல் வெளியிட்ட பல்லவக் கட்டடக்கலை நூலில் அந்தச் சிற்பங்கள் முன்பே இடம்பெற்றிருந்தன. விளக்கக் குறிப்புகளின் வாசகமும் கல்வெட்டுத் தொகுதியில் அச்சாகியிருந்தது. குறிப்பு இல்லாத சிற்பங்கள்தான் மிகுதி. செப்பேடுகள் தரும் வம்சாவளியை வரிசையாக வைத்துக்கொண்டு, எந்தப் பட்டாபிஷேகம் எவனுடையது, எந்தப் போர் எந்த அரசனுடையது என்று அவர் அடையாளம் காட்டினார். எல்லா அடையாளங்களும் ஐயமற்றவை அல்ல. பின்வந்தோர் சிலவற்றில் மாறுபடலாம். ஆனால் மாறுபடுவதற்கும் அவர் போட்ட வரிசையே அடிப்படை. இன்னொன்றையும் மறக்கக் கூடாது. கோயிலைக் கட்டியவன் நந்திவர்மன். தான் அழைக்கப்பட்டு வந்தவன், பறித்தவன் அல்லன் என்று சொல்ல வேண்டிய தேவை வேறு யாரைவிடவும் அவனுக்கே இருந்தது.

இன்று அந்தத் தொகுதிகளில் பல வருடப்பட்டு இணையத்தில் கிடைக்கின்றன. கல்லூரி மாணவர் ஒருவர் காஞ்சியில் தன் வீட்டிலிருந்தே காசாக்குடிச் செப்பேட்டைத் திறந்துவிடலாம். ஆயினும் ஆய்வேடுகள் பலவற்றில் மூலத்தின் பெயர் இருக்கிறது, மூலத்தைப் பார்த்த தடயம் இல்லை. யாரோ எடுத்தாண்டதை அச்சுப் பிழையோடு எடுத்தாள்கிறார்கள். மணற்கல்லோ காத்திருப்பதில்லை. பரமேச்சுர விண்ணகரத்தில் முகங்கள் பல தேய்ந்துவிட்டன, பழைய பூச்சுகள் கோடுகளை மழுக்கிவிட்டன. சில இடங்களில் சிற்பத்தின் எதிரே நின்று பார்ப்பதைவிட 1909ஆம் ஆண்டு நூலிலும் 1941ஆம் ஆண்டு நூலிலும் உள்ள படங்களைப் பார்த்தால் கூடுதலாகத் தெரிகிறது.