மறுக்க வேண்டிய கடன்

கடனின்றி வாழ்வதே நன்று என்று வகுப்பறையில் பல்லாண்டு போதித்தவன் யான். ஆயினும், பழவேற்காடு ஏரிக்கரையில் வலை கிழிந்து நிற்பவனுக்கு அவ்வறிவுரையால் பயனில்லை. படகும் வலையும் இல்லையேல் அவனுக்குப் பிழைப்பும் இல்லை. எனவே, கடன் வாங்கலாமா என்பதன்று அவன் வினா. எவரிடம் வாங்குவது, எவரை மறுப்பது என்பதே வினா. அக்கரைக்கு இவ்வினா புதியதும் அன்று.

1613-ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் பழவேற்காட்டில் கெல்டிரியாக் கோட்டையை எழுப்பினர். சோழமண்டலத் துணிகளைக் கீழ்த்திசைத் தீவுகளுக்கு அனுப்பி, கிராம்பும் சாதிக்காயும் பெற்றனர். அத்துணிகளுக்காக வணிகர் வாயிலாக நெசவாளர்க்கு முன்பணம் அளிக்கப்பட்டது. 1639-இல் ஆங்கிலேயர் சென்னையில் காலூன்றியபின், முன்பணம் நீட்டும் கைகள் பலவாயின. அக்காலத் தென்னாட்டு நெசவாளரிடையே அரியதோர் உரிமை வழக்கில் இருந்தது. பெற்ற முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டால், இன்னாருக்கே துணி தரவேண்டும் என்ற கட்டும் அறுந்துவிடும். பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், ஆட்சியும் வாணிகமும் கும்பினியார் கையில் ஒன்றுசேர்ந்தபோது அவ்வுரிமை ஒடுக்கப்பட்டது. ஆகவே, ஒரு கடனை எடைபோடும்போது வட்டியை மட்டும் பார்த்தல் போதாது. அதனின்று விடுபடும் வழி உண்டா என்பதையும் பார்த்தல் வேண்டும்.

பழவேற்காட்டு மீனவரிடையே ‘பாடு’ என்னும் பழைய முறை ஒன்று உண்டு. ஏரியில் இன்ன இடத்தில் இன்னார் வலையிடுவது என்பதைச் சீட்டுப் போட்டு, முறைவைத்துப் பகிர்ந்துகொள்வர். நல்ல இடம் ஒருவருக்கே நிலைத்துவிடாதபடி காக்கும் ஏற்பாடு அது. ஆனால், மீன் வணிகரிடம் முன்பணம் பெற்றவர் பிடித்ததை அவரிடமே, அவர் சொல்லும் விலைக்கே தரவேண்டியவராகிறார். பாடு தமது, பட்ட மீன் பிறருடையது!

சில ஆண்டுகளுக்கு முன் என் பழைய மாணவர் ஒருவர் வந்தார். “ஐயா, வணிகர் இருபதாயிரம் ரூபாய் வட்டியில்லாமல் தருகிறார். என் மனைவியின் சுய உதவிக் குழுவிலோ நூற்றுக்குப் பன்னிரண்டு வட்டி. எதை வாங்குவது?” என்றார். கரும்பலகை இல்லாமையால் தரையிலேயே கணக்கிட்டோம். இறால் கிலோவுக்கு இருபது ரூபாய் குறைவு. நாளொன்றுக்கு ஐந்து கிலோ என்றால் நூறு ரூபாய். மாதம் இருபத்தைந்து நாளுக்கு 2,500 ரூபாய். எட்டே மாதத்தில் இருபதாயிரம் போய்விடும். முதலோ அப்படியே நிற்கும். குழுவின் கடனுக்கு, முதலில் ஒரு காசும் குறையாவிடினும், ஓராண்டு வட்டி 2,400 ரூபாய்தான். அவர் நெடுநேரம் பேசவில்லை.

இவ்விரண்டாம் வழிக்கும் வரலாறு உண்டு. வேளாண் கடன் பற்றி ஆராய்ந்த ஃபிரெடரிக் நிக்கல்சனின் அறிக்கை 1895-இலும் 1897-இலும் வெளிவந்தது. 1904-இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் பிறந்தது. அவ்வாண்டே திரூரில் ஒரு சங்கம் தோன்றிற்று. திரூரும் பழவேற்காடும் இன்று ஒரே திருவள்ளூர் மாவட்டத்தில் உள்ளன. 1907-இல் சென்னை மாகாணத்தில் மீன்துறை அமையவும் அதே நிக்கல்சனே காரணர் ஆவார்.

எனினும், வணிகரை வெறுத்தல் தகாது. நள்ளிரவில் பிள்ளைக்கு நோய் என்றால், கையெழுத்துக் கேளாமல் பணம் தருபவர் அவரே. குழுவோ கூட்டம் கூடும் நாள்வரை காத்திருக்கச் சொல்லும். என் மாணவரின் அச்சமும் அதுவே. ஆதலால், மறுப்பதிலும் ஒரு முறை வேண்டும் என்றேன். குழுவில் கடன் பெற்று, வணிகருக்குத் தரவேண்டிய பழைய பாக்கி ஆறாயிரத்தை ஊர்ப் பெரியவர் ஒருவர் முன்னிலையில் அவர் தீர்த்தார். “இதுவரை உதவியதற்கு நன்றி, இப்போது தேவையில்லை,” என்று மட்டும் சொன்னார். எஞ்சிய பணத்தில் வலை வாங்கினார். வணிகர் முகம் சுளித்தார் எனினும் பகைக்கவில்லை. மறுவாரம், ஏனையோருடன் அவரும் நின்று அதே இறாலுக்கு விலை கேட்டார்.

பழைய நெசவாளர் இழந்த உரிமையை, என் மாணவர் ஆறாயிரம் ரூபாய் கொடுத்து மீட்டுக்கொண்டார் என்றே யான் கருதுகின்றேன்.