சாம்பல் ஆண்டு: வறட்சியிலும் நிலைகுலையாத உமர் (ரலி)

கோடை வந்துவிட்டால் நண்பகலில் தெருக்கள் வெறிச்சோடுகின்றன. இரவிலும் புழுக்கம் தணிவதில்லை. உடல் சோரும்போது உள்ளமும் சோர்ந்து, சிறு சொல்லுக்கும் சினம் மூள்கிறது. இத்தகைய சோதனையில் ஒரு முஃமினின் பொறுமை எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு நம் வரலாற்றில் அரியதொரு சான்று உண்டு.

ஹிஜ்ரி 18-ஆம் ஆண்டு, அதாவது கி.பி. 639. ஹிஜாஸ் பகுதியில் சுமார் ஒன்பது மாதங்கள் மழை பொய்த்தது. நிலம் கருகிற்று, காற்றடித்தால் மண் சாம்பல்போலப் பறந்தது. ஆகவே அவ்வாண்டுக்கு ‘ஆமுர் ரமாதா’, சாம்பல் ஆண்டு என்று பெயர் வந்தது. கால்நடைகள் மடிந்தன. பாலைவாசிகள் உணவு தேடி வந்து மதீனாவைச் சுற்றித் தங்கினர்.

கலீஃபா உமர் (ரலி) அவர்கள், மக்களின் துன்பம் நீங்கும்வரை நெய்யும் இறைச்சியும் உண்பதில்லை என உறுதி பூண்டார்கள். ஆலிவ் எண்ணெயையே உண்டுவந்ததால் அவர்களின் சிவந்த மேனி கறுத்தது. பசியால் வயிறு இரைந்தபோது, மக்கள் நெய் உண்ணும்வரை உனக்கும் அது இல்லை என்று தம் வயிற்றை நோக்கியே கூறினார்கள்.

அதே வேளையில் பணிகளும் ஒழுங்காக நடந்தன. அம்ரு இப்னுல் ஆஸ் (ரலி), ஷாமிலிருந்த அபூ உபைதா (ரலி) ஆகியோருக்குக் கடிதங்கள் சென்றன. தானியமும் மாவும் வந்தன. அபூ உபைதா 4,000 ஒட்டகச் சுமை உணவுடன் வந்ததாக வரலாற்றாசிரியர் தபரீ குறிப்பிடுகிறார். வந்து தங்கியோரைக் கணக்கெடுத்து உணவளிக்கப் பொறுப்பாளர்கள் அமர்த்தப்பட்டனர். ஸகாத் வசூல் அவ்வாண்டு ஒத்திவைக்கப்பட்டது. பசிக்காகத் திருடியவர்மீது தண்டனை நிறுத்தப்பட்டது.

பின்னர் மக்களைத் திரட்டி மழைத் தொழுகை நடத்தினார்கள். நபி (ஸல்) அவர்களின் சிறிய தந்தை அப்பாஸ் (ரலி) அவர்களை முன்னிறுத்திப் பிரார்த்தித்தார்கள். உமர் (ரலி) அவர்கள் மழைக்காகச் சென்றபோது பாவமன்னிப்பையே அதிகம் வேண்டினார்கள் என்றும் அறிவிப்பு உண்டு. மழை பெய்தது. வந்திருந்தோருக்கு வழிச்செலவுக்கு உணவும் வாகனமும் கொடுத்து அவரவர் ஊருக்கு அனுப்பிவைத்தார்கள்.

அன்புச் சகோதர சகோதரிகளே! துஆவும் முயற்சியும் அங்கே ஒன்றையொன்று விலக்கவில்லை. கைகட்டி அமர்ந்திருப்பதைப் பொறுமை என்றோ, பதற்றத்தை அக்கறை என்றோ அவர்கள் கருதவில்லை. பிறர் துன்பத்தைத் தம் உடலிலும் ஏற்றவருக்குத் தம் துன்பம் சிறிதாகிப்போனது. உள்ள அமைதியின் வேர் அங்கேதான் இருக்கிறது.

நம் மார்க்கம் வெயிலை அலட்சியம் செய்யச் சொல்லவில்லை. கடும் வெப்பத்தில் லுஹரைச் சற்றுத் தாமதித்துத் தொழ நபி (ஸல்) அவர்களே அனுமதித்திருக்கிறார்கள். ஆகவே, குளிர்ந்த அறையில் இருப்போர், வெயிலில் வேலை செய்யும் தொழிலாளியை எண்ணிப் பாருங்கள். வாசலில் ஒரு பானைத் தண்ணீர், பறவைகளுக்கு ஒரு சட்டித் தண்ணீர் வையுங்கள். தனித்திருக்கும் அண்டைவீட்டு முதியவரை நாளொன்றுக்கு ஒருமுறையேனும் விசாரியுங்கள். சினம் எழும்போது ஒளூ செய்து அமருங்கள். நாவில் இஸ்திக்ஃபாரை நிலைக்கச் செய்யுங்கள்.

வல்ல அல்லாஹ் நமக்குப் பொறுமையையும், பயனுள்ள மழையையும் அருள்வானாக. ஆமீன்.