கழிக்கப்பட்ட குரல்: வானொலியை அழைத்தவர்களின் வரலாறு

1

சில ஆண்டுகளுக்கு முன் திருப்பூரில் ஒரு டீக்கடையில் நின்று தனியார் பண்பலை கேட்டுக்கொண்டிருந்தேன். பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கும் ஒரு பெண் நிலையத்துக்குப் போன் போட்டிருந்தார். "வேலையெல்லாம் எப்படிப் போகுது?" "ஒன்றரை ஷிப்ட்டுங்ணா. போன வாரச் சம்பளமே இன்னும்..." "சரி சரி, பாட்டு யாருக்குப் போடலாம், சொல்லுங்க!" பாட்டு வந்துவிட்டது. 'இன்னும்' என்பதற்குப் பின்னால் இருந்தது வரவில்லை.

அறிவிப்பாளரைத் திட்டிவிட்டுப் போய்விடலாம். ஆனால் அவர் கை அந்த இடத்தில் தானாக நகர்ந்ததற்கு ஒரு வரலாறு இருக்கிறது. அது சட்டத்தின் வரலாறு. கூடவே ஒரு கருவியின் வரலாறும்.

2

சென்னையில் 1938இலும் திருச்சியில் 1939இலும் அகில இந்திய வானொலி பேசத் தொடங்கியது. நேயர் என்பவர் கேட்பவர்; மிஞ்சினால் தபால் அட்டை போடுபவர். நேயர் விருப்பத்தில் ஊர்ப்பெயரும் ஆட்பெயரும் வரிசையாக வாசிக்கப்படும். தன் பெயர் காற்றில் வருவதற்காக வாரக்கணக்கில் காத்திருந்தவர்கள் உண்டு. பெயர் போயிற்று; குரல் போகவில்லை. பஞ்சப்படி கேட்டு 127 நாள் திருப்பூர் ஸ்தம்பித்த 1984இல் இந்திய வானொலி முழுக்க அரசின் கையில் இருந்தது.

1995இல் உச்ச நீதிமன்றம், அலைவரிசைகள் பொதுச்சொத்து என்று தீர்ப்பளித்தது. பொதுச்சொத்து என்றால் என்ன செய்வார்கள்? ஏலம் விட்டார்கள். 2001இல் பெங்களூரில் முதல் தனியார் பண்பலை வந்தது. பிறகு தமிழகத்துக்கும் வந்தது. ஒரு நிபந்தனை: செய்தி கூடாது. 2011இல் கொஞ்சம் தளர்த்தி, அகில இந்திய வானொலியின் செய்தியை மாற்றாமல் அப்படியே ஒலிபரப்பலாம் என்றார்கள். 2006இல் தொண்டு நிறுவனங்களுக்கும் திறந்துவிடப்பட்ட சமூக வானொலிக்கும் செய்தி விஷயத்தில் இதே கதைதான். ஆக, அந்தப் பெண் தன் காதலைச் சொல்லலாம், பிறந்தநாள் வாழ்த்துச் சொல்லலாம். சம்பளம் வரவில்லை என்றால் அது 'செய்தி' வாடை அடிக்கிறது. பொழுதுபோக்கு, செய்தி என்ற இந்தப் பிரிவினை யாருடைய வாயை அடைக்கிறது என்பதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

3

இனிக் கருவி. பழைய தொலைபேசியில் போகும் பேச்சும் வரும் பேச்சும் ஒரே ஜோடிச் செம்புக் கம்பியில்தான். நிலையத்தில் இரண்டையும் பிரித்தால்தான் அழைத்தவர் குரலை ஒலிபரப்ப முடியும். பிரிக்கும் கருவிக்குப் பெயர் 'ஹைப்ரிட்'. இத்துடன் இன்னொரு ஏற்பாடு, 'மிக்ஸ் மைனஸ்'. நிகழ்ச்சியின் மொத்த ஒலியிலிருந்து அழைத்தவரின் குரலை மட்டும் கழித்து, மிச்சத்தை அவருக்குத் திருப்பி அனுப்புவார்கள். கழிக்காவிட்டால் தன் பேச்சே எதிரொலியாக வந்து அவரைக் குழப்பும்.

அழைத்தவர் காதில் விழுவது தன் குரல் நீங்கிய உலகம். இதில் சூழ்ச்சி ஒன்றுமில்லை. அவர் வசதிக்காகச் செய்வது. ஆனால் கழிக்கும் பலகை ஒருவர் கையில் இருக்கிறது. குரலை அவருக்கு மட்டும் கழிக்கலாம். ஊருக்கே கழிக்கவும் செய்யலாம். தான் எந்த இடத்தில் வெட்டப்பட்டோம் என்று டீ நேரத்தில் பேசிய அந்தப் பெண்ணுக்குத் தெரிந்திருக்காது.

இன்னொன்றும் உண்டு. பழைய தொலைபேசி 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரைக்குமான ஒலியைத்தான் கடத்தும். அறிவிப்பாளர் குரல் முழு உடம்போடு வரும். நேயர் குரல் தகர டப்பாவுக்குள்ளிருந்து வரும். அதிகாரம் எந்தப் பக்கம் என்பது சொல் புரிவதற்கு முன்பே காதுக்குப் புரிந்துவிடுகிறது.

4

இணையவழித் தொலைபேசி இந்தக் குறையைத் தீர்க்க வல்லது. அதில் இரண்டு பேச்சும் தனித்தனி ஓடையாகவே வருகின்றன, பிரிக்க வேண்டியதில்லை. 2012இல் தரப்படுத்தப்பட்ட 'ஓபஸ்' முறையில் மனிதக் குரல் ஏறக்குறைய முழுசாகவே வந்துசேரும். ஆனால் நடந்தது என்ன? இந்தியாவில் 2002 ஏப்ரலில் இணையவழிப் பேச்சு அனுமதிக்கப்பட்டபோது, கணினியிலிருந்து வெளிநாட்டுத் தொலைபேசிக்குப் பேசலாம், உள்நாட்டுத் தொலைபேசியோடு இணைக்கக் கூடாது என்றது அரசு. திருப்பூரிலிருந்து நியூயார்க்கில் சரக்கு வாங்குபவரின் தொலைபேசிக்குப் பேசலாம். அதே கணினியிலிருந்து அவிநாசித் தொலைபேசிக்குப் பேச முடியாது! உள்நாட்டு இணைப்புக்கு வழி தெளிவானது 2018இல்தான்.

பழைய கருவி வைத்திருக்கும் நிலையங்கள் இணைய அழைப்பை எடுக்க ஒரு மாற்றுப்பெட்டி வைப்பதுண்டு. தனித்தனியாக வரும் ஓடைகளை அது ஒரே கம்பியில் கலக்கும். கலந்ததை ஹைப்ரிட் மறுபடி பிரிக்கும். இணையத்தின் தாமதமும் சேர்ந்துகொள்ள, எதிரொலி முன்னைவிட உறைப்பாகத் தெரியும். புதுக் கம்பியைப் பழைய வாசலுக்குத் தக்கபடி வளைத்த கதை. நம் ஜனநாயகத்துக்கும் பொருந்தும் என்று சொன்னால் மிகை ஆகாது.

5

வாசலையே சுற்றிக்கொண்டு போனவர்களும் இருக்கிறார்கள். 2010இல் தொடங்கிய 'சிஜிநெட் ஸ்வரா' சத்தீஸ்கர் பழங்குடிகளிடம் வானொலிப் பெட்டியைக் கேட்கவில்லை. சாதாரண செல்போனில் அழைத்துத் தன் மொழியில் பேசிப் பதியலாம். சரிபார்த்தபின் மற்றவர்கள் அழைத்துக் கேட்கலாம். கூலி பாக்கி, கைப்பம்பு ரிப்பேர், அதிகாரியின் பெயர் எல்லாம் அதில் வந்தன. சரிபார்ப்பவர் அங்கேயும் உண்டு. கழிக்கும் பலகை அடியோடு ஒழிந்துவிடவில்லை. ஆனால் சம்பளம் என்ற சொல் அங்கே விலக்கில்லை.

2023 மார்ச்சில் வடமாநிலத் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாகப் பொய்க் காணொளிகள் பரவின. திருப்பூரிலிருந்தும் பலர் பயந்து ரயிலேறினார்கள். அதிகாரிகள் இந்தியில் மறுப்புச் சொன்னார்கள். தலைவர்கள் பேசினார்கள். ஓவர்லாக் மிஷினில் உட்கார்ந்திருந்த பீகார்க்காரரோ ஒடிசாக்காரரோ தன் மொழியில் 'நான் இங்க நல்லாத்தான் இருக்கேன்' என்றோ 'எனக்குப் பயமா இருக்கு' என்றோ ஊரறியச் சொல்ல ஒரு எண் இருந்ததா? சுமங்கலித் திட்டத்தின் பேரில் மில் விடுதிகளில் வைக்கப்பட்ட பெண்களுக்குக் கையில் போன் வைத்துக்கொள்ளவே தடை இருந்ததைப் பல அறிக்கைகள் பதிவு செய்திருக்கின்றன. அவர்கள் வாசல்வரை வரவே விடப்படவில்லை.

கருவி மலிவாகிவிட்டது. ஒரு கணினியும் இணைய எண்ணும் இருந்தால் தொழிற்சங்க அலுவலகத்திலேயே அழைப்பை எடுத்துப் பதியலாம். தோழர்கள் மேடைக்கு ஒலிபெருக்கி பிடிப்பதில் காட்டும் அக்கறையில் பாதியை இதில் காட்டினால் போதும். ஒலிபெருக்கி நம் பேச்சை அவர்களுக்குக் கொண்டுபோகிறது. அவர்கள் பேச்சு நமக்கு வர ஒரு கம்பி வேண்டும்; அது வரும்போது 'சரி சரி' என்று பாட்டுப் போடாமல் இருக்க நாமும் பழகியாக வேண்டும்.