ஆசிரியர் பணியும் தொலைநிலை, இணையவழிப் பட்டங்களும்

தொலைநிலை, இணையவழி முறைகளில் பெற்ற பட்டங்கள் கோவை, திருப்பூர், ஈரோடு உள்ளிட்ட கொங்கு மாவட்டங்களில் ஆசிரியர் பணிக்குச் செல்லுமா என்பது பாடப் பட்டம், ஆசிரியர் பயிற்சி இரண்டையும் தனித்தனியே பார்த்து முடிவாவது. முன்னதில் விதி தாராளமானது, பின்னதில் கண்டிப்பானது.

பாடப் பட்டம்

பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2020 ஒழுங்குமுறைப்படி, அதன் அனுமதியுடன் தொலைநிலையிலோ இணையவழியிலோ பெற்ற பட்டம் நேரடி வகுப்புப் பட்டத்துக்கு இணையானது. மாநிலப் பல்கலைக்கழகங்கள் தங்கள் எல்லைக்குள் மட்டுமே தொலைநிலைப் படிப்பு நடத்தலாம். 1982-இல் தொடங்கிய கோவை பாரதியார் பல்கலைக்கழகத்துக்கு இந்த எல்லை கோவை, திருப்பூர், ஈரோடு, நீலகிரி மாவட்டங்கள். இணையவழிப் படிப்புக்கு அத்தகைய எல்லை இல்லை.

படித்த வரிசையும் முக்கியம். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு முடிக்காமல் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் நேரடியாகப் பெற்ற பட்டத்தைத் தமிழக அரசுப் பணிக்கு ஏற்பதில்லை. 2009-ஆம் ஆண்டின் அரசாணை எண் 107 இதைத் தெளிவாக்கியது.

பி.எட்.

ஆசிரியர் பயிற்சியை நெறிப்படுத்துவது தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் (என்சிடிஇ). அதன் 2014 விதிகளின்படி பி.எட். இரண்டாண்டுப் படிப்பு, அதில் குறைந்தது 20 வாரம் பள்ளிப் பயிற்சி உண்டு. தொலைநிலை பி.எட்.-இல், பணியிலுள்ள பயிற்சி பெற்ற தொடக்கக் கல்வி ஆசிரியர்களும், ஏற்கெனவே நேரடி முறையில் ஆசிரியர் பயிற்சி முடித்தவர்களும் மட்டுமே சேரலாம். முழுக்க இணையவழியில் நடக்கும் பி.எட்.-க்கு என்சிடிஇ அங்கீகாரம் கிடையாது. எனவே பனியன் கம்பெனியில் வேலை பார்த்தபடி அஞ்சல் வழியில் பி.ஏ. முடித்த ஒருவர், ஆசிரியராக விரும்பினால் பி.எட்.-க்குக் கல்லூரி செல்ல வேண்டும்.

பணி நியமனம்

ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை கற்பிக்க ஆசிரியர் தகுதித் தேர்வில் (டெட்) தேர்ச்சி வேண்டும். தமிழகத்தில் இது முதலில் 2012-இல் நடந்தது. இடைநிலை ஆசிரியருக்கு ஆசிரியர் பயிற்சிப் பட்டயமும் டெட் முதல் தாளும், பட்டதாரி ஆசிரியருக்குப் பட்டம், பி.எட்., இரண்டாம் தாள் ஆகியவையும் தேவை. தொடக்க வகுப்புகளுக்கு பி.எட். போதாது என 2023-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

முதுநிலைப் பட்டதாரி ஆசிரியர்களை ஆசிரியர் தேர்வு வாரியம் (டிஆர்பி) போட்டித் தேர்வு மூலம் தேர்ந்தெடுக்கிறது. சான்றிதழ் சரிபார்ப்பில் பட்டங்களின் அங்கீகாரமும் படித்த வரிசையும் பார்க்கப்படும்.

கல்லூரிப் பணி

உதவிப் பேராசிரியர் பணிக்கு 55 விழுக்காட்டு மதிப்பெண்ணுடன் முதுநிலைப் பட்டமும், தேசிய தகுதித் தேர்வு (நெட்) அல்லது மாநிலத் தகுதித் தேர்வில் (செட்) தேர்ச்சி அல்லது பிஎச்.டி.யும் வேண்டும். முதுநிலைப் பட்டத்தைத் தொலைநிலையில் பெறலாம், பிஎச்.டி.யைத் தொலைநிலையிலோ இணையவழியிலோ பெற யுஜிசி அனுமதிப்பதில்லை.