மாட்டின் நிணநீர் உறுப்புகளில் ரத்தநாள அமைப்பு

மாட்டின் மண்ணீரல், நிணநீர்க் கணுக்கள், குருதிக்கணுக்கள், தைமஸ் சுரப்பி, குடலிலுள்ள பேயர் திட்டுகள் ஆகியவை நோய் எதிர்ப்பு அணுக்கள் கூடி வாழும் நிணநீர் உறுப்புகள். மற்ற உறுப்புகளில் ரத்தநாளங்கள் பெரும்பாலும் உணவும் உயிர்வளியும் கொண்டுவரும் வழிகளாகவே நிற்கும். இங்கே நாளத்தின் சுவரே உறுப்பின் வேலையில் பங்கு கொள்கிறது. ரத்தத்தில் வரும் எந்த அணு உள்ளே நுழையலாம், எது வெளியே நிற்க வேண்டும் என்பது அந்தச் சுவரைப் பொறுத்தது.

மண்ணீரல் மாட்டின் இடப்பக்க விலாக்களுக்கு அடியில், அசைபோடும் பெருவயிற்றுக்கும் உதரவிதானத்துக்கும் இடையே நீண்டு தட்டையாகக் கிடக்கிறது. மண்ணீரல் தமனி அதன் மேல்முனையை ஒட்டிய பள்ளத்தில் நுழைந்து, தடுப்பு நார்களின் ஊடே கிளைக்கிறது. கிளைகள் நாரை விட்டு வெளியேறியதும் அவற்றைச் சுற்றி நிணவணுக்கள் உறைபோலப் படிகின்றன; இதுவே வெண்கூழ். அதற்கு அப்பால் நுண்தமனிகள் தூரிகை மயிர்போலப் பிரிகின்றன. அவற்றின் முனைத் தந்துகிகள் சிலவற்றை விழுங்கணுக்களால் ஆன மெல்லிய உறை மூடியிருக்கும். மாட்டு மண்ணீரலின் தனித்தன்மை இதற்குப் பிறகே தெரிகிறது. மனிதன், நாய், எலி ஆகியவற்றின் செங்கூழில் அகன்ற சிரைக்குடாக்கள் உண்டு. மாட்டில் அவை இல்லை. தந்துகியின் வாய் திறந்து ரத்தம் செங்கூழின் வலைத்திசுவுக்குள்ளேயே கொட்டுகிறது. அங்கே விழுங்கணுக்களைக் கடந்து, மெல்லிய சுவருள்ள நுண்சிரைகளை அடைந்து, மண்ணீரல் சிரை வழியே கல்லீரல் வாயிற்சிரைக்குப் போய்ச் சேர்கிறது. கிழடான சிவப்பணுவும் ரத்தத்தில் அலையும் கிருமியும் பிடிபடுவது இந்தத் திறந்த ஓட்டத்தில்தான். அடைப்பான் நோயில் மண்ணீரல் வீங்கிக் கருத்துக் கூழாவதும் இதே இடத்தில் ரத்தம் தேங்குவதால். அந்நோயென ஐயம் எழுந்தால் பிணத்தை அறுத்துப் பார்க்கவே கூடாது. காற்றுப் பட்டால் கிருமி விதையுருக் கொண்டு மண்ணில் பல ஆண்டுகள் தங்கிவிடும்.

நிணநீர்க் கணுவுக்குள் ரத்தத்தோடு நிணநீரும் வருகிறது. தோள்முன் கணுவுக்கு மேலோட்டக் கழுத்துத் தமனியும், குடல்தாங்கிக் கணுக்களுக்கு மேல் குடல்தாங்கித் தமனியும் ரத்தம் தருகின்றன. தமனி கணுவின் வாயிலில் நுழைந்து, அகணி வழியே புறணியை அடைந்து, நிணமுடிச்சுகளைச் சுற்றித் தந்துகி வலையாகிறது. அந்த ரத்தம் திரும்பும் வழியில் உட்புறணியில் உள்ள உயர்சுவர் நுண்சிரைகளே கணுவின் வாசல். சாதாரண நாளத்தின் உள்ளணுக்கள் தட்டையாக இருக்க, இங்கே அவை கனசதுரமாகத் தடித்து நிற்கின்றன. ரத்தத்தில் செல்லும் நிணவணு அந்தச் சுவரில் ஒட்டி, உருண்டு, இடுக்கு வழியே உள்ளே புகுகிறது. நிணவணுக்கள் ரத்தத்துக்கும் நிணநீருக்கும் இடையே ஓயாமல் சுற்றிவருவதை 1960களில் எலியில் கோவன்ஸ் என்ற ஆய்வாளரும் செம்மறியாட்டில் ஹால், மாரிஸ் என்ற ஆய்வாளர்களும் காட்டினர். உள்ளே வந்த அணு மாட்டில் வெளிச்செல் நிணநீர் வழியே கிளம்புகிறது. பன்றியில் அது நேரே ரத்தத்துக்கே திரும்பிவிடுகிறது. இரண்டையும் ஒரே பாடமாகப் படிப்பவர் தடுமாறும் இடம் இது.

நிணநீர்க் கணுவைப் பற்றிய இந்த அறிவு மாடு வளர்ப்பவருக்கும் பயன்படும் என்பதற்கு மலேசியா ஓர் எடுத்துக்காட்டு. அங்கே பினாங்கு மாநிலத்தில், சிம்பாங் அம்பாட் ஊர் உள்ள தென் செபராங் பிறையில், ரப்பர் தோட்டங்களில் குடியிருந்த தமிழர்கள் கறவை மாடு வளர்த்தனர். இந்தியாவிலிருந்து வந்த மாடுகளின் வழியில் தோன்றிய அவை மலேசியாவில் உள்ளூர் இந்தியக் கறவை மாடு எனப்படுகின்றன. 2021இல் மலேசியாவுக்குள் தோல் கழலை நோய் நுழைந்தபோது, கணுவின் ரத்தநாளங்கள் ஏட்டுப் பாடமாக மட்டும் இருக்கவில்லை. அந்த வைரஸ் நாளச் சுவரையே தாக்கி அழற்சியும் உறைகட்டியும் உண்டாக்குகிறது. தோலில் முண்டு தோன்றுவதோடு தோள்முன் கணுவும் தொடைமுன் கணுவும் கைக்குத் தட்டுப்படும் அளவுக்குப் பெருக்கின்றன. மாடு வளர்ப்பவர் தோளுக்கு முன்னால் விரல் வைத்துத் தடவிப் பார்க்கும் பழக்கம் மிகப் பயனுள்ளது.

குருதிக்கணுக்கள் முக்கியமாக அசைபோடும் விலங்குகளில் காணப்படுபவை. முதுகெலும்பை ஒட்டிய பெருந்தமனியின் பக்கத்திலும் சிறுநீரகக் கொழுப்பிலும் கருஞ்சிவப்பு மணிகளாகக் கிடக்கும். உறைக்கு அடியிலுள்ள குடாக்களில் நிணநீருக்குப் பதில் ரத்தமே நிரம்பியிருக்கும். சிறிய மண்ணீரல் என்று இவற்றைக் கருதலாம்; சிவப்பணுவை விழுங்கும் வேலையும் ஒத்ததே.

தைமஸ் இதற்கு நேர்மாறு. கன்றின் கழுத்திலும் மார்பிலும் பரவியிருக்கும் இச்சுரப்பியின் புறணித் தந்துகிகளைத் தடித்த அடிச்சவ்வும் புறத்தோலணுக்களும் சூழ்ந்து, வெளிப்பொருள் எளிதில் உட்புகாமல் தடுக்கின்றன. முதிர்ந்த அணுக்கள் புறணியும் அகணியும் சேருமிடத்து நுண்சிரைகள் வழியே வெளியேறுகின்றன. வயதேற ஏறச் சுரப்பி சுருங்கிக் கொழுப்பாகிறது.

கடைச்சிறுகுடலில் நீண்டு கிடக்கும் பேயர் திட்டும் கன்றுப் பருவத்துக்கு உரியது. மாடு வளர்ந்தபின் அதுவும் மங்கிவிடும். அதற்குரிய தமனிகள் மேல் குடல்தாங்கித் தமனியிலிருந்து வருகின்றன. நடுச்சிறுகுடலில் சிதறிக் கிடக்கும் சிறு திட்டுகளோ ஆயுள் முழுதும் நீடிக்கின்றன.

இந்த நாளங்களின் முப்பரிமாண வடிவத்தைக் காண, தமனிக்குள் பிசினைச் செலுத்தி இறுகவிட்டு, திசுவைக் காரத்தில் கரைத்துவிடுவார்கள். மிஞ்சும் வார்ப்பை மின்னணு நுண்ணோக்கியில் பார்க்கலாம். மாதிரி அறுத்த உடனே எடுத்ததாக இருக்க வேண்டும்; மலேசியாவின் வெப்பத்தில் மண்ணீரல் விரைவில் குழைந்துவிடும்.