துறைக்குறிப்பும் குறிச்சொல்லும்: ஏ. கே. ராமானுஜனும் மறுகூறல்களின் வாசகரும்

1962ஆம் ஆண்டு, சிகாகோ பல்கலைக்கழகத்திற்கு வந்த புதிதில், ஒரு சனிக்கிழமை ஏ. கே. ராமானுஜன் அங்கிருந்த ஹார்ப்பர் நூலகத்தின் அடித்தள நூலடுக்குகளுக்குள் பழந்தமிழ் இலக்கண நூல் ஒன்றைத் தேடிச் சென்றார். அவர் 1929இல் மைசூரில் ஒரு தமிழ் ஐயங்கார் குடும்பத்தில் பிறந்தவர். மகாராஜா கல்லூரியில் ஆங்கில இலக்கியம் பயின்றவர். தந்தை மைசூர்ப் பல்கலைக்கழகத்தில் கணிதப் பேராசிரியர். மாடியில் தந்தையின் ஆங்கிலமும் சமஸ்கிருதமும், கீழே அடுக்களையில் பெண்களின் தமிழும், தெருவில் கன்னடமும் வழங்கிய வீடு அது. அவ்வீட்டுத் தமிழ் அவருக்குச் சங்கப் பாடல்களைக் கற்றுத் தந்திருக்கவில்லை. இலக்கணம் தேடியவர் கையில் அகப்பட்டது குறுந்தொகை. தரையில் அமர்ந்து புரட்டினார், உரை விளங்கிற்று, உரையின் வழியே பாட்டும் விளங்கிற்று. அதன் பயனாக 1967இல் ‘தி இண்டீரியர் லேண்ட்ஸ்கேப்’ என்னும் மொழிபெயர்ப்பு நூல் வெளிவந்தது.

நூல் அகப்பட்டது தற்செயல். ஆனால் அந்நூலுக்குள் வாசகருக்கு வழிகாட்டிய ஒழுங்கு தற்செயலாக அமைந்ததன்று. பாட்டோடு ஒரு சிறு குறிப்பும் வருகிறது. பேசுபவர் யார், யாரிடம், எந்தச் சூழலில் என்று அது சொல்லிவிடுகிறது. பிரிவைத் தாங்க இயலாத தலைவி தோழிக்குச் சொன்னது, பொருள்தேடப் புறப்பட்ட தலைவன் தன் நெஞ்சுக்குச் சொன்னது என்பன போன்ற வாய்பாடுகள் அவை. இன்றைய சொல்லில் அவற்றைக் குறிச்சொற்கள் எனலாம்.

அகநானூற்றில் இவ்வொழுங்கு எண்ணாகவே மாறிவிடுகிறது. ஒற்றைப்படை எண் பெற்ற 200 பாடல்களும் பாலை, 2, 8 என முடிபவை குறிஞ்சி, 4 முல்லை, 6 மருதம், பத்தின் மடங்குகள் நெய்தல். 137 என்ற எண்ணைக் கேட்டதுமே, பாட்டைப் பாராமல், அது பிரிவைப் பேசுவது என்று வாசகர் அறியலாம். ஐங்குறுநூறு திணைக்கு 100 பாடல்களாக ஐந்து திணைகளையும் ஐந்து புலவர்க்கு அளித்து, ஒவ்வொரு நூறையும் பத்துப் பத்தாகப் பகுத்து, ஒவ்வொரு பத்துக்கும் ஒரு பெயரும் சூட்டுகிறது. ஒரே வகையான துயரத்தைப் பல குரல்களில் அடுத்தடுத்துக் கேட்க விரும்பும் வாசகருக்காகவே அமைந்த அடுக்கு இது.

அகப்பாட்டின் மாந்தர்க்குப் பெயர் கிடையாது. தலைவன், தலைவி, தோழி, செவிலி ஆகியோர் எந்தப் புலவருக்கும் தனியுடைமை அல்லர். நூற்றுக்கணக்கான புலவர்கள் இச்சிலரையே எடுத்தாண்டு, ஏற்கெனவே தெரிந்த சூழலில் புதிதாக ஒன்றைச் சொல்லவைத்தனர். ஃபேன்ஃபிக்ஷன் எனப்படும் ரசிகர் புனைவை வாசிப்போர் இன்று பெறும் இன்பம் இதற்கு மிக அணுக்கமானது. 2009இல் பொதுப் பயன்பாட்டுக்கு வந்து, 2019இல் ஹியூகோ விருது பெற்ற ‘ஆர்க்கைவ் ஆஃப் அவர் ஓன்’ என்னும் இணையக் காப்பகத்தில் கதைமாந்தர், உறவு, சூழல், முடிவு அனைத்தும் குறிச்சொற்களாகக் கதைக்கு முன்பே நிற்கின்றன. எழுதுவோர் தம் விருப்பப்படி இடும் சொற்களைத் தன்னார்வலர்கள் ஒத்த சொற்களோடு இணைத்து வைக்கின்றனர். முடிவு தெரிந்தால் சுவை கெடும் என்பது துப்பறியும் கதைக்குரிய நியதி. தலைவன் பிரிவான் என்று அறிந்தே அகப்பாட்டுக்குள் நுழைபவரை அது கட்டுப்படுத்துவதில்லை. அவர் தேடுவது இம்முறை அது எப்படிச் சொல்லப்படுகிறது என்பதை.

ராமானுஜனின் மற்றொரு துறையான நாட்டார் வழக்காற்றியலிலும் இதே கருவி உண்டு. ஆன்டி ஆர்னே 1910இல் தொடங்கி ஸ்டித் தாம்ப்சன் விரிவாக்கிய கதைவகை அடைவு, உலகக் கதைகளுக்கு எண்ணிடுகிறது. சிண்ட்ரெல்லா 510. ராமானுஜன் வெளியிட்ட ‘ஹஞ்சி’ என்னும் கன்னடக் கதையில், பொற்கூந்தல் கொண்ட பெண் மண்ணாலான முகமூடியால் தன்னை மறைத்துக்கொண்டு வீட்டைவிட்டு வெளியேறுகிறாள். 510 என்ற எண், கர்நாடகக் கிராமத்துக் கதைசொல்லியை ஐரோப்பியக் கதைசொல்லிகளின் அருகில் அமர்த்துகிறது. யாரும் யாருக்கும் மூலமாக இருக்கத் தேவையில்லை.

இந்தக் கடைசிக் கருத்தே அவருடைய ‘முந்நூறு இராமாயணங்கள்’ கட்டுரையின் உயிர். 1987இல் ஒரு கருத்தரங்குக்காக எழுதப்பட்டு, 1991இல் பாலா ரிச்மன் பதிப்பித்த தொகுப்பில் வெளிவந்த அக்கட்டுரை, வடிவம், திரிபு என்ற சொற்களைத் தவிர்த்துக் ‘கூறல்’ என்ற சொல்லைத் தேர்கிறது. திரிபு என்றால், திரியாத ஒன்று முன்னே இருந்தாக வேண்டும். வால்மீகியின் அகலிகை யார் கண்ணுக்கும் புலப்படாமல் காற்றை உண்டு சாம்பலில் கிடக்கிறாள். கம்பனின் அகலிகை கல்லாகிறாள். கன்னட நாட்டார் கூறல் ஒன்றில் இராவணனே கருவுற்று, தும்மலில் சீதையைப் பெறுகிறான். கன்னடத்தில் அப்பெயர் ‘தும்மினான்’ என்றும் ஒலிக்கும். அத்யாத்ம இராமாயணத்தின் சீதையோ, தான் காட்டுக்குப் போகாத இராமாயணம் எங்காவது உண்டா என்று இராமனிடமே வாதிடுகிறாள். பிற கூறல்களை அறிந்த கதைமாந்தர் அவள்.

தமிழின் நவீன எடுத்துக்காட்டு புதுமைப்பித்தனின் ‘சாபவிமோசனம்’. சீதை தீக்குளித்ததை அறிந்த அகலிகை மீண்டும் கல்லாகிறாள். இராமாயணம் அறிந்தோர்க்கு இக்கதை பிடிபடாமலோ பிடிக்காமலோ போகலாம் என்று கதையின் தலைப்பிலேயே ஆசிரியர் எச்சரித்துவிடுகிறார். வாசகரை வடிகட்டும் குறிச்சொல்லின் வேலையைத்தான் அக்குறிப்பு செய்கிறது.

கூறல்களைச் சமமாக அடுக்கி வைப்பது எல்லார்க்கும் உவப்பாக இல்லை. டெல்லிப் பல்கலைக்கழகத்தின் இளங்கலை வரலாற்றுப் பாடத்திட்டத்தில் இருந்த ராமானுஜனின் கட்டுரைக்கு எதிராக 2008இல் வரலாற்றுத் துறையில் வன்முறை நிகழ்ந்தது. 2011 அக்டோபரில் பல்கலைக்கழகத்தின் கல்விக்குழு அதை நீக்கியது. நால்வர் கொண்ட வல்லுநர் குழுவில் மூவர் கட்டுரையை ஆதரித்திருந்த போதிலும் இவ்வாறு நிகழ்ந்தது. கட்டுரை அழிந்துவிடவில்லை, தேடினால் கிடைக்கும். மாணவர் இழந்தது, ஒரு கதைக்குப் பல கூறல்கள் இருக்கக்கூடும் என்னும் செய்தி பாடத்திட்டத்திலேயே எதிர்ப்படும் வாய்ப்பை. எதைத் தேடலாம் என்று தெரியாதவர் தேடுவதில்லை.

குறிச்சொல் நடுநிலையான கருவி என்றும் கொள்ள இயலாது. இணையக் காப்பகத்தில் எழுதியவரே அதை இடுகிறார். கதைவகை எண்ணை ஆய்வாளர் இடுகிறார். சங்கப் பாடல்களின் குறிப்புகளோ புலவர் எழுதியவை அல்ல, தொகுத்தோரோ பின்வந்தோரோ சேர்த்தவை என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. ஒரே பாட்டைத் தலைவி கூற்றாகவும் தோழி கூற்றாகவும் கொள்ள இடமிருந்தால், குறிப்பு அவற்றுள் ஒன்றை முன்னிறுத்திவிடும். ஆகவே ஒவ்வொரு குறிச்சொல்லும் யாரோ ஒருவரின் வாசிப்பே. ஆயினும், குறிப்பு தவறென்று வாதிட வேண்டுமானால் முதலில் பாட்டை அடைந்தாக வேண்டும். அங்கே கொண்டுசேர்ப்பதும் பெரும்பாலும் அக்குறிப்பே.