கொழுகொழு பிள்ளைக்கும் இரத்த அழுத்தம் வருமா? பினாங்குப் பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டியவை

பினாங்குத் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்களுக்காகப் பிறந்த உணவு நாசி கண்டார். தமிழ் முஸ்லிம் வணிகர்கள் தோளில் காவுத்தடி வைத்து, ஒரு பக்கம் சோறும் மறுபக்கம் குழம்பும் சுமந்து விற்றதால் அந்தத் தடியின் பெயரே உணவுக்கும் ஆகிவிட்டது. காலையில் ஒரு தட்டு சாப்பிட்டுவிட்டுப் பொழுது சாயும்வரை கப்பல் சரக்கு இறக்கிய உடம்புக்கு அது பொருத்தமான தீனிதான். இன்று பட்டர்வொர்த்தில் பெட்டிகளை இறக்குபவை பாரந்தூக்கிகள். ஆனால் அதே தட்டு, குழம்பு 'பஞ்சிர்' ஆக ஊற்றி, பொரித்த கோழியோடு, டியூஷன் முடிந்து வரும் பத்து வயதுப் பிள்ளைக்கு முன்னால் இரவு நேரத்தில் வைக்கப்படுகிறது. பக்கத்தில் ஒரு மைலோ ஐஸ்.

2019-ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசியாவில் 5 முதல் 17 வயது வரையிலான பிள்ளைகளில் 29.8 விழுக்காட்டினர் அதிக எடையோ உடல் பருமனோ கொண்டவர்கள். அதாவது பத்துப் பேரில் மூவர். அதே ஆய்வில் பெரியவர்களிடையே நீரிழிவு 18.3 விழுக்காடாக இருந்தபோது, இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடாக இருந்தது. இரண்டு கணக்குகளையும் சேர்த்துப் பார்த்தால், நம் வீட்டுப் பிள்ளையின் எடையை 'வளர்ந்தால் சரியாகிவிடும்' என்று விட்டுவிட முடியாது என்பது புரியும்.

இனிப்பு நீரைப் பற்றி நம்மவர்களிடம் ஓரளவு விழிப்புணர்வு வந்துவிட்டது. இரத்த அழுத்தம் மட்டும் இன்னும் தாத்தா பாட்டி நோயாகவே கருதப்படுகிறது. உண்மையில் பருமனான பிள்ளைகளுக்கு உயர் இரத்த அழுத்தம் வரும் வாய்ப்பு மற்றப் பிள்ளைகளைவிடப் பல மடங்கு அதிகம். பெரும்பாலும் தலைவலியோ மயக்கமோ எதுவும் இராது. பிள்ளை ஓடும், சிரிக்கும், பள்ளிக்குப் போகும். அளந்து பார்க்காமல் தெரியவே தெரியாது.

எடைக்கும் அழுத்தத்திற்கும் நடுவில் இருக்கும் பாலங்களில் ஒன்றுதான் அழற்சி. விரலில் முள் குத்தினால் அந்த இடம் சிவந்து, வீங்கி, சுடுமே, அதுவும் அழற்சிதான். அது வந்த வேலையை முடித்துவிட்டு அடங்கிவிடும். உடல் பருமனில் ஏற்படுவது வேறு வகை. உமியில் பிடித்த நெருப்பைப் போல வெளியே தெரியாமல் ஆண்டுக்கணக்கில் கனன்று கொண்டிருக்கும்.

கொழுப்பு என்பது சும்மா கிடக்கும் சேமிப்பு மூட்டை என்றுதான் மருத்துவ உலகமும் நீண்ட காலம் நினைத்திருந்தது. 1993-இல் அமெரிக்காவில் ஹோத்தமிஸ்லிகில், ஸ்பீகல்மன் ஆகியோரின் குழு, பருத்த எலிகளின் கொழுப்புத் திசுவே 'டிஎன்எஃப் ஆல்ஃபா' என்ற அழற்சிப் பொருளைச் சுரப்பதைக் கண்டறிந்தது. மறு ஆண்டே கொழுப்பு அணுக்கள் சுரக்கும் லெப்டின் என்ற ஹார்மோனும் கண்டுபிடிக்கப்பட்டது. கொழுப்பு அணுக்கள் அளவுக்கு மீறிப் பருக்கும்போது அவற்றுக்குப் போதிய உயிர்வாயு கிடைப்பதில்லை. சில அணுக்கள் மடிகின்றன. அவற்றை அப்புறப்படுத்த வரும் வெள்ளையணுக்கள் அங்கேயே கூடாரமடித்து, மேலும் அழற்சிப் பொருள்களை இரத்தத்தில் கலக்கின்றன. அவற்றின் தூண்டுதலால் கல்லீரல் 'சிஆர்பி' என்ற புரதத்தைக் கூடுதலாகச் சுரக்கிறது. அமெரிக்கத் தேசிய ஆய்வின் தரவுகளை வைத்து 2001-இல் வெளியான ஒரு கட்டுரை, 8 வயது முதல் 16 வயது வரையிலான அதிக எடைப் பிள்ளைகளிடமும் இந்தப் புரதம் உயர்ந்திருப்பது கூடுதலாகக் காணப்பட்டதைக் காட்டியது. பெரியவர்களுக்கு மட்டுமே உரிய சங்கதி இல்லை இது.

இரத்தக் குழாயின் உட்சுவர் நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவைச் சுரந்து குழாயைத் தளர்வாக வைத்திருக்கிறது. அழற்சி நீடித்தால் அந்தச் சுரப்பு குறைந்து, குழாய் இறுகத் தொடங்கும். கூடவே வேறு சில வழிகளும் திறந்துகொள்கின்றன. லெப்டின் மிகும்போது நரம்பு மண்டலம் எப்போதும் முடுக்கிவிட்ட நிலையில் இருக்கிறது. இன்சுலின் கூடும்போது சிறுநீரகம் உப்பை வெளியே விடாமல் பிடித்து வைத்துக்கொள்கிறது. குழாய்களைச் சுருக்கும் ஆஞ்சியோடென்சினுக்கு வேண்டிய மூலப்பொருளையும் கொழுப்புத் திசு தயாரித்துக் கொடுக்கிறது. ஆகவே அழற்சி இதில் ஒரு பங்காளி. தனி ஆள் அன்று. இதைச் சொல்லக் காரணம் உண்டு. 'அழற்சியைத் தணிக்கும்' என்று விற்கப்படும் மஞ்சள் மாத்திரைகளும் மூலிகைப் பானங்களும் பிள்ளையின் இரத்த அழுத்தத்துக்கு மருந்தாகா. இபுபுரோஃபென் போன்ற வலிநிவாரணிகள் அழற்சியைக் குறைப்பவைதான், ஆனால் அவையே இரத்த அழுத்தத்தை உயர்த்தவும் கூடும்.

தெற்காசியர்களுக்கு இதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. 2003-இல் வெளிவந்த டாக்டர் யாஜ்னிக் குழுவின் ஆய்வு, இந்தியாவின் பூனேயில் பிறந்த குழந்தைகளை இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் பிறந்த குழந்தைகளோடு ஒப்பிட்டது. பூனேக் குழந்தைகளின் சராசரி எடை 2.7 கிலோ, சவுத்தாம்ப்டனில் 3.5 கிலோ. தசையும் வயிற்று உறுப்புகளும் சிறுத்திருந்த அந்தச் சின்னஞ்சிறு உடல்களில் கொழுப்பு மட்டும் அந்த அளவுக்குக் குறையவில்லை. எனவே நம் பிள்ளை பார்வைக்கு 'பூசினாற்போல்' மட்டும் இருந்தாலும், வயிற்றைச் சுற்றிய கொழுப்பு அதிகமாக இருக்கலாம். இடுப்புச் சுற்றளவு உயரத்தில் பாதியைத் தாண்டுகிறதா என்று ஒரு நூலைக் கொண்டே வீட்டில் பார்த்துவிடலாம். கழுத்தின் பின்புறமும் அக்குளும் கறுத்துத் தடித்திருந்தால் அதை அழுக்கு என்று நினைத்துச் சோப்புப் போட்டுத் தேய்க்கும் தாய்மார்கள் பலர். பல பிள்ளைகளிடம் அது இன்சுலின் சரியாக வேலை செய்யாததன் அடையாளம். தேய்த்தால் தோல்தான் புண்ணாகும்.

அளப்பதிலும் கவனம் வேண்டும். அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகத்தின் 2017 வழிகாட்டி, 3 வயதிலிருந்து ஆண்டுக்கு ஒருமுறையும், பருமனான பிள்ளைகளுக்கு ஒவ்வொரு முறை மருத்துவரைப் பார்க்கும்போதும் இரத்த அழுத்தத்தை அளக்கச் சொல்கிறது. 13 வயதுக்கு மேல் 130/80 அல்லது அதைத் தாண்டினால் உயர் அழுத்தம். அதற்குக் கீழே வயது, பால், உயரம் பார்த்து அட்டவணையில் ஒப்பிட வேண்டும். பெரியவர்களின் கணக்கைப் பிள்ளைக்குப் போடக்கூடாது. கையில் சுற்றும் பட்டை சிறியதாக இருந்தால் அளவு பொய்யாகக் கூடும். பருத்த கைக்குப் பெரிய பட்டை வேண்டும் என்று தாதியிடம் கேட்பதில் தவறே இல்லை. ஓடி வந்த களைப்பிலோ ஊசிப் பயத்திலோ எடுத்த ஒரே அளவை வைத்து முடிவு செய்வதும் இல்லை. வெவ்வேறு நாள்களில் மூன்று முறை உயர்ந்திருந்தால்தான் நோய் என்று உறுதியாகும். தேவைப்பட்டால் 24 மணி நேரம் அளக்கும் கருவியைப் பொருத்துவார்கள். கடுமையான தலைவலி, வாந்தி, பார்வை மங்கல், வலிப்பு ஆகியவற்றோடு அழுத்தமும் ஏறியிருந்தால் காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்கே போக வேண்டும்.

பள்ளிகளில் நான்காம் ஆண்டு முதல் நடக்கும் செகாக் உடற்தகுதிச் சோதனையில் மாணவரின் உடல் எடைக் குறியீடும் கணக்கிடப்படுகிறது. அந்தத் தாளைப் பெற்றோர் கேட்டுப் பார்க்கலாம். எடை மிகுந்திருந்தால் முதலில் அருகிலுள்ள அரசாங்க கிளினிக். அங்கிருந்து தேவைக்கேற்ப, தீவில் ஜாலான் ரெசிடென்சியில் உள்ள பினாங்கு மருத்துவமனைக்கோ பெருநிலத்தில் செபராங் ஜெயா மருத்துவமனைக்கோ அனுப்புவார்கள். மருத்துவர் பொதுவாகக் கேட்பது சர்க்கரை, கொழுப்பு, கல்லீரல், சிறுநீரகச் சோதனைகள். சிஆர்பி சோதனைக்குத் தனியாகப் பணம் செலவழிக்க வேண்டியதில்லை. அதன் முடிவால் சிகிச்சை மாறப்போவதில்லை.

சிகிச்சையின் பெரும்பகுதி சமையலறையில் இருக்கிறது. வளரும் பிள்ளைக்குப் பட்டினி போட வேண்டாம். பலருக்கு எடை ஏறாமல் நின்றாலே, உயரம் கூடக்கூட உடல் தானே சீராகும். முதலில் குறைக்க வேண்டியது பானங்கள். அரசாங்கம் 2019 ஜூலை முதல் இனிப்புப் பானங்களுக்கு வரி விதிக்கிறது. 100 மில்லிலிட்டரில் 5 கிராமுக்கு மேல் சர்க்கரை உள்ள பானங்கள் அதில் அடங்கும். அந்த எல்லையில் இருக்கும் அரை லிட்டர் போத்தலிலேயே 25 கிராம், அதாவது ஏறக்குறைய ஆறு தேக்கரண்டி சர்க்கரை இருக்கிறது. கடையில் கலக்கும் தே தாரிக்குக்கும் சிராப் பண்டோங்குக்கும் அந்த வரியும் இல்லை, அளவுச் சீட்டும் இல்லை. அடுத்தது உப்பு. மலேசியப் பெரியவர்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 7.9 கிராம் உப்பு உண்பதாக ஆய்வு காட்டுகிறது. உலகச் சுகாதார நிறுவனத்தின் வரம்பு 5 கிராமுக்கும் கீழே. பிள்ளைக்கு அதைவிடவும் குறைவாகத்தான் வேண்டும். உடனடி மீயின் தூள் பொட்டலத்தைப் பாதி போடுவது, கிச்சாப்பை மேசையிலிருந்து எடுத்துவிடுவது, குழம்பைத் தனிக் கிண்ணத்தில் வாங்குவது எல்லாம் காசு செலவில்லாத காரியங்கள்.

தோட்டத்து வீடுகளில் இருந்தபோது மாலையில் திடலுக்குப் போகாத பிள்ளை அபூர்வம். அடுக்குமாடி வீட்டுக்கு வந்த பிறகு மின்தூக்கியும் கைப்பேசியும்தான். 5 முதல் 17 வயதினருக்கு நாளுக்குச் சராசரி 60 நிமிட உடலசைவு வேண்டும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். அதைப் பிள்ளைக்கு மட்டும் தண்டனையாக விதித்தால் நடக்காது. அப்பாவும் இறங்கி நடக்க வேண்டும். இவற்றுக்குப் பிறகும் அழுத்தம் இறங்காவிட்டால் மருத்துவர் மாத்திரை கொடுப்பார். அதை அக்கம்பக்கத்தார் பேச்சைக் கேட்டு நிறுத்தக்கூடாது.

இதில் நம்பிக்கை தரும் செய்தியும் உண்டு. அமெரிக்கா, பின்லாந்து, ஆஸ்திரேலியா ஆகிய நாடுகளில் சிறு வயது முதல் பின்தொடரப்பட்ட 6,328 பேரின் தரவுகள் 2011-இல் வெளிவந்தன. சிறுவயதில் எடை மிகுந்திருந்தும், வளர்ந்தபின் பருமன் இல்லாமல் இருந்தவர்களுக்கு உயர் இரத்த அழுத்தமும் நீரிழிவும் வரும் அபாயம், எக்காலத்திலும் பருமனாக இல்லாதவர்களின் அபாயத்தை ஒத்திருந்தது.

கிளினிக்குக்குப் போகும்போது பிள்ளையின் பிறப்பு எடை, வீட்டில் யாருக்கெல்லாம் இரத்த அழுத்தமும் இனிப்பு நீரும் உண்டு என்ற விவரம், பிள்ளை சாப்பிடும் மருந்துகள் ஆகியவற்றை எழுதி எடுத்துச் செல்வது நல்லது. இரவில் குறட்டை விடுகிறதா, தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறதா என்பதையும் மறக்காமல் சொல்ல வேண்டும். தூக்கத்தில் மூச்சு தடைபடுவதும் அழுத்தத்தை ஏற்றும். மருத்துவர் கேட்காவிட்டால் பெற்றோருக்கு அது சொல்லத் தோன்றாத செய்தி.